இரண்டு நாட்களுக்கு ரவென்னா போதும்

பயணம் பற்றிய பேச்சில் இடத்துக்குக் கிடைக்கும் கவனம் காலத்துக்குக் கிடைப்பதில்லை. எங்கே போகலாம் என்று கேட்கிறோம். எத்தனை நாள் இருக்கிறது, அந்த நாட்களுக்குள் எந்த ஊர் அடங்கும் என்று கேட்பதில்லை. லண்டனிலும் ஜூரிக்கிலும் ஃப்ராங்க்ஃபர்ட்டிலும் வேலை நிமித்தம் வாழும் நம் நண்பர்கள் வசந்த காலம் வந்ததும் ஒரே கேள்வியைத்தான் எழுப்புகிறார்கள். வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்ப வேண்டும், இத்தாலியில் எந்தப் பழைய நகருக்குப் போகலாம்? கேள்வி முடிவதற்குள் விடையும் வந்துவிடுகிறது: ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ். இம்மூன்றில் எது என்பது மட்டுமே விவாதம்.

இம்மூன்றும் வேண்டாம், ரவென்னாவுக்குப் போங்கள் என்பதே நம் கருத்து. புகழ்பெற்ற ஊர்களை மட்டம் தட்டி, யாரும் அறியாத ஊரைத் தூக்கிப் பிடிக்கும் பழக்கம் பயண எழுத்தில் உண்டு. நம் நோக்கம் அதுவன்று. ரவென்னாவை யாரும் அறியாத ஊர் என்று சொல்லவும் முடியாது. இலக்கியம் படிப்பவர் எவருக்கும் அந்தப் பெயர் எங்காவது கண்ணில் பட்டிருக்கும். இரண்டு நாள் என்ற அளவுக்கு அந்த நகரம் பொருந்துகிறது, மற்ற மூன்றும் பொருந்தவில்லை என்பதுதான் நம் வாதம்.

முதலில் அந்த மூன்று நகரங்களைப் பார்ப்போம். வெனிஸின் பழைய தீவு நகரத்தில் 1951இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022இல் அந்த எண்ணிக்கை 50,000க்கும் கீழே போயிற்று. வீடுகள் விடுதிகளாகவும், மளிகைக் கடைகள் முகமூடிக் கடைகளாகவும் மாறின. 2024 வசந்தத்தில், குறிப்பிட்ட நாட்களில் பகற்பொழுதுக்கு மட்டும் வந்து போகிறவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கும் முறையை நகராட்சி கொண்டுவந்தது. 2025இல் கட்டண நாட்கள் கூடின. கடைசி நேரத்தில் பதிவு செய்கிறவருக்குக் கட்டணம் 10 யூரோ ஆயிற்று. ஒரு நகரம் பொருட்காட்சியைப் போலத் தன் வாசலில் சீட்டுக் கொடுக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டது. ஃப்ளாரன்ஸ் 2023இல் தன் பழைய நகரப் பகுதியில் புதிதாகக் குறுகிய கால வாடகை வீடுகள் தொடங்குவதைத் தடை செய்தது. உள்ளூர்க்காரருக்குக் குடியிருக்க வீடு கிடைக்கவில்லை என்பதே காரணம்.

இத்தகைய ஊர்களுக்கு இரண்டே நாளில் போய் வருவது என்றால் என்ன நடக்கும்? உஃபிஸியில் ஒரு வரிசை, அக்கதேமியாவில் ஒரு வரிசை, தேவாலயக் கோபுரத்தில் ஏற மற்றொரு வரிசை. பார்த்த நேரத்தைவிடக் காத்திருந்த நேரம் அதிகமாகிவிடும். திரும்பி வந்தபின் நம் கையில் மிஞ்சுவது ஒரு பட்டியல்: அதைப் பார்த்தாயிற்று, இதைப் பார்த்தாயிற்று. கம்பராமாயணத்தை இரண்டு நாளில் வாசித்து முடிக்க முனைகிறவருக்கும் இதே கதிதான். பத்தாயிரம் பாட்டைப் புரட்டியதைவிட ஒரு படலத்தை நிதானமாக வாசித்தவருக்குக் கம்பன் நெருக்கமாகியிருப்பான். ஃப்ளாரன்ஸும் ரோமும் பெருங்காப்பியங்கள். அவற்றுக்குரிய நாட்களை ஒதுக்கிக்கொண்டு போவதே அவற்றுக்குச் செய்யும் மரியாதை.

ரவென்னா அட்ரியாட்டிக் கடலுக்கு அருகில், எமிலியா ரொமாஞா மாநிலத்தில் இருக்கிறது. இன்று சுமார் ஒன்றரை லட்சம் மக்கள் வாழும் நகரம். சதுப்பு நிலம் சூழ்ந்திருந்ததால் படையெடுத்து வருவோருக்கு எளிதில் அகப்படாது என்று கருதி, கி.பி. 402இல் பேரரசர் ஹொனோரியஸ் மேற்கு ரோமானியப் பேரரசின் தலைநகரை மிலானிலிருந்து இங்கே மாற்றினார். 476இல் கடைசிப் பேரரசன், சிறுவன் ரொமுலஸ் அகஸ்டுலஸ், இங்கேதான் பதவி இறக்கப்பட்டான். 493 முதல் 526 வரை கோத் இனத்து அரசர் தியோடோரிக் இங்கிருந்து இத்தாலியை ஆண்டார். 540இல் கான்ஸ்டாண்டினோபிளின் படைகள் நகரைப் பிடித்தன. 751இல் லொம்பார்டுகள் வந்தார்கள். அதற்குப் பின் வரலாறு ஊரைவிட்டு நகர்ந்துவிட்டது. கடலும் வண்டல் சேர்ந்து சேர்ந்து தள்ளிப் போய்விட்டது. மறக்கப்பட்ட ஊரில் எதையும் இடித்துக் கட்டப் பெரிய அவசரம் யாருக்கும் இருப்பதில்லை. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளின் கட்டடங்கள் எட்டு அங்கே எஞ்சி நின்றதற்கு இந்த மறதியும் ஒரு காரணம். 1996இல் யுனெஸ்கோ அவ்வெட்டையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

எட்டு என்பது ஒரு நல்ல எண். இரண்டு நாளுக்குள் அடங்கும். பெரும்பாலானவை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தே போகும் தொலைவில் இருக்கின்றன.

திட்டம் எளிது. வெள்ளி இரவு போலோனியா விமான நிலையத்தில் இறங்கி அந்நகரிலேயே தங்கலாம். சனி காலையில் வட்டார ரயிலில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் ரவென்னா. இந்த ரயில்களில் இருக்கை ஒதுக்கீடு கிடையாது. முன்கூட்டி வாங்கினாலும் அன்றே வாங்கினாலும் கட்டணம் ஒன்றுதான். அதனால் மாதக்கணக்கில் முன்பதிவு செய்து மன உளைச்சல் அடைய வேண்டியதில்லை. காகிதச் சீட்டு வாங்கினால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். அதை மறந்தால் அபராதம். லண்டனில் வாழும் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஷெங்கன் விசா தனியாக வேண்டும் என்பதையும், விசாவுக்கு நேரம் குறிப்பதே வாரக்கணக்கில் இழுக்கக்கூடும் என்பதையும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

மறைமாவட்டத்தின் பொறுப்பிலுள்ள ஐந்து இடங்களுக்குக் கூட்டு நுழைவுச்சீட்டு ஒன்று உண்டு. அவற்றில் இரண்டுக்கு, கல்லா ப்ளாசிடியாவின் நினைவு மண்டபத்துக்கும் நியோனின் ஞானஸ்நான மண்டபத்துக்கும், வாங்கும்போதே நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். இடம் சிறியது. ஒரு சமயத்தில் சிலரைத்தான் விடுவார்கள். அதுவும் சில நிமிடங்களுக்கு மட்டுமே. ஐந்து நிமிடம் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று தோன்றலாம். உள்ளே போனபின் அப்படித் தோன்றாது.

மொசைக் என்றதும் நமக்கு நினைவு வருவது எழுபது, எண்பதுகளின் வீட்டுத் தரை. சிமெண்டில் சலவைக்கல் சில்லுகளைக் கலந்து தேய்த்துப் பளபளப்பாக்கிய தரை அது. ரவென்னாவின் மொசைக் வேறு. விரல் நகத்தைவிடச் சிறிய கண்ணாடித் துண்டுகளை ஈரச் சுண்ணத்தில் ஒவ்வொன்றாகப் பதித்து வரைந்த சித்திரங்கள் இவை. பொன்னிறத் துண்டுகளில் இரண்டு கண்ணாடிப் படலங்களுக்கு நடுவே மெல்லிய தங்கத் தகடு இருக்கும். துண்டுகளை ஒரே மட்டத்தில் வைக்காமல் சற்றே சாய்த்துச் சாய்த்துப் பதித்திருப்பார்கள். நாம் ஓரடி நகர்ந்தால் ஒளி இடம் மாறும். சுவர் அசைவது போலிருக்கும். இதனால்தான் இவற்றைப் புகைப்படத்தில் பார்த்துத் திருப்தி கொள்ள முடியாது.

கல்லா ப்ளாசிடியாவின் மண்டபம் வெளியிலிருந்து பார்த்தால் ஒரு செங்கல் கட்டடம், அவ்வளவுதான். உள்ளே ஆழ்ந்த நீல வானமும் நூற்றுக்கணக்கான பொன் விண்மீன்களும் கூரையை நிறைத்திருக்கின்றன. அலபாஸ்டர் கற்பலகைகள் பொருத்திய சாளரங்கள் வெயிலை மஞ்சளாக்கி உள்ளே விடுகின்றன. கல்லா ப்ளாசிடியா பேரரசர் தியோடோசியஸின் மகள். ரோமைச் சூறையாடிய கோத்துகளால் சிறைபிடிக்கப்பட்டு, அவர்களின் அரசனையே மணந்து, விதவையாகித் திரும்பி, பின்னாளில் மகனுக்காகப் பேரரசை நடத்தியவள். 450இல் ரோமில் இறந்தாள். அவள் இந்த மண்டபத்தில் அடக்கம் செய்யப்படவில்லை என்பதே இன்றைய ஆய்வாளர்களின் பொதுக் கருத்து. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பக்கத்திலேயே சான் விட்டாலே ஆலயம். 547இல் புனிதப்படுத்தப்பட்டது. ஜூலியானுஸ் என்ற வட்டிக்கடைக்காரர் இதற்கு 26,000 பொற்காசு கொடுத்ததாகப் பழைய உள்ளூர் வரலாறு சொல்கிறது. பலிபீடத்தின் இரு பக்கச் சுவர்களில் பேரரசர் ஜஸ்டினியனும் பேரரசி தியோடோராவும் தத்தம் பரிவாரத்துடன் நேருக்கு நேர் நிற்கிறார்கள். உலகின் மிகப் புகழ்பெற்ற அரச உருவங்களில் இவையும் அடங்கும். இவ்விருவரும் ரவென்னாவில் காலடி வைத்ததற்கு எந்தச் சான்றும் இல்லை. ஆட்சி ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து நடந்தது, உருவம் மட்டும் இங்கே வந்தது. பேரரசரின் தலைக்கு மேல் பெயர் எழுதியிருக்கவில்லை. அவருக்கு அருகில் நிற்கும் பேராயரின் தலைக்கு மேல் மட்டும் ‘மாக்ஸிமியானுஸ்’ என்று கொட்டை எழுத்தில் பொறித்திருக்கிறது. அரசரை எல்லோருக்கும் தெரியும், என்னைத் தெரியவேண்டுமே என்று அவர் நினைத்திருக்கலாம். உபயதாரர் பெயர் பொறித்த குழல் விளக்குகளைக் கோயில்களில் பார்த்து வளர்ந்த நமக்கு மாக்ஸிமியானுஸ் அந்நியரல்லர்.

இலக்கிய வாசகர் தவறவிடக் கூடாதது சாந்த் அப்பொல்லினாரே நுவோவோ. தியோடோரிக் கட்டிய ஆலயம். அவர் ஆரியன் எனப்படும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அவருக்குப்பின் வந்தவர்களுக்கு அப்பிரிவு மதவிரோதம். ஆகவே ஆலயத்தைக் கைப்பற்றியபின் சுவர்களிலிருந்த அவருடைய நினைவுகளை அழிக்க முனைந்தார்கள். அரண்மனைச் சித்திரத்தில் தூண்களுக்கு இடையே நின்ற மனிதர்களைப் பெயர்த்தெடுத்து, அவ்விடங்களில் வெள்ளைத் திரைச்சீலைகளைப் பதித்தார்கள். ஆனால் தூண்களின் மீது படிந்திருந்த சில கைகளை விட்டுவிட்டார்கள். இன்றும் அவை அங்கே இருக்கின்றன. திரைக்கு முன்னால், தூணின் மேல், உடலற்ற ஒரு கை. சற்றுத் தள்ளி இன்னொரு கை. தணிக்கை என்ற சொல்லைப் பற்றி நாம் எவ்வளவோ எழுதுகிறோம். பதினான்கு நூற்றாண்டுகளாகச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்த விரல்கள் அதைப் பற்றிச் சொல்வதற்கு மேல் நாம் சொல்ல ஏதுமில்லை.

அதே நகரில் ஞானஸ்நான மண்டபங்கள் இரண்டு இருக்கின்றன, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒன்று. இரண்டின் கூரையிலும் ஒரே காட்சி: யோர்தான் ஆற்றில் இயேசு நிற்கிறார், யோவான் ஞானஸ்நானம் அளிக்கிறார், ஆறே ஒரு கிழவனின் உருவில் பக்கத்தில் இருந்து பார்க்கிறது. ஆரியன் மண்டபத்தில் இயேசு மீசை முளைக்காத இளைஞர். மற்றதில் தாடியுடன் இருக்கிறார். ஆனால் அந்தத் தலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழுது பார்த்தவர்கள் திருத்தி அமைத்தது. சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் காணும் பதிப்பாசிரியருக்கு இவ்விரு கூரைகளும் நல்ல பயிற்சி. மூலம் எது, இடைச்செருகல் எது என்று தலையை அண்ணாந்துகொண்டே யோசிக்கலாம்.

உளவியலாளர் கார்ல் யுங் இவ்வூருக்கு இரண்டு முறை வந்தவர். இரண்டாம் முறை, 1930களில், நியோனின் மண்டபத்தில் ஒரு தோழியுடன் நின்று நீல நிற மொசைக் சித்திரங்கள் நான்கைப் பார்த்து, நீரில் மூழ்கும் பேதுருவின் காட்சியைப் பற்றி நெடுநேரம் பேசினார். ஊர் திரும்பியபின் அவற்றின் புகைப்படம் வேண்டுமென்று ஒருவரிடம் சொல்லியனுப்பினார். அப்படி எந்தச் சித்திரமும் அங்கே இல்லை என்று விடை வந்தது. தன் வாழ்க்கையின் மிக விசித்திரமான அனுபவங்களில் ஒன்றாக இதை அவர் நினைவுக் குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். இதற்கு அவர் தந்த விளக்கத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஓரிடத்தில் நின்று நெடுநேரம் பார்த்தவருக்குத்தான் இப்படிப்பட்ட மயக்கமும் வாய்க்கும். வரிசையில் நகர்ந்துகொண்டே புகைப்படம் எடுப்பவருக்கு இல்லாதது தெரிவதில்லை. இருப்பதே தெரிவதில்லையே!

சனி மாலையைத் தாந்தேவுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஃப்ளாரன்ஸ் 1302இல் அவரை நாடு கடத்தியது. பிடிபட்டால் உயிரோடு எரிக்க வேண்டும் என்பது தீர்ப்பு. 1315இல் தலைகுனிந்து வந்தால் மன்னிப்பதாகச் சொன்னார்கள், அவர் மறுத்துவிட்டார். பல ஊர்களில் அலைந்தபின் ரவென்னாவின் தலைவர் குய்தோ நொவெல்லோ தா பொலெந்தா அவருக்கு இடமளித்தார். இந்த விருந்தோம்பலில் ஒரு நுட்பம் உண்டு. டிவைன் காமெடியின் நரக காண்டத்தில், காதலனோடு காற்றில் ஓயாமல் சுழலும் பிரான்செஸ்கா, ரவென்னாவின் பொலெந்தா குடும்பத்துப் பெண், குய்தோ நொவெல்லோவின் அத்தை. தன் அத்தையை நரகத்தில் வைத்துப் பாடிய கவிஞனைத்தான் அவர் தன் ஊரில் வைத்துக் காப்பாற்றினார். இதைவிடப் பெரிய வாசகரை எந்தக் கவிஞனும் கேட்க முடியாது.

சொர்க்க காண்டத்தின் இறுதிப் படலங்கள் இங்கே எழுதப்பட்டன. வெனிஸுக்குத் தூது போய்த் திரும்பிய தாந்தே சதுப்பு நிலக் காய்ச்சலால் 1321 செப்டம்பர் 13, 14 நள்ளிரவில் இறந்தார். கடைசிப் பதின்மூன்று படலங்களைக் காணவில்லை என்றும், மகன் யாக்கொப்போவின் கனவில் தந்தை தோன்றிச் சுவரில் அவை மறைந்திருந்த இடத்தைக் காட்டினார் என்றும் பொக்காச்சியோ ஒரு கதை சொல்கிறார். ஏட்டுச் சுவடிகள் கிடைத்த கதைகளைக் கேட்டுப் பழகிய நமக்கு இதை நம்பாமலிருக்க மனம் வராது.

எலும்புகளின் கதை அதைவிடச் சுவையானது. செத்தபின் கவிஞன் வேண்டுமென்று ஃப்ளாரன்ஸ் கேட்டது. 1519இல் மெதிச்சி குடும்பத்துப் போப் பத்தாம் லியோவின் அனுமதியும் பெற்றது. கல்லறையைத் தானே வடித்துத் தருவதாக மைக்கலாஞ்சலோவும் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டிருந்தார். வந்தவர்கள் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். வெறுமையாக இருந்தது. பக்கத்து மடத்துத் துறவிகள் எலும்புகளை எடுத்து ஒளித்துவிட்டார்கள். பின்னர் ஒளித்த இடமும் மறந்துபோயிற்று. 1865இல் பழுதுபார்க்கும் வேலையின்போது ஓர் அடைத்த வாசலுக்குள்ளிருந்து மரப்பெட்டி ஒன்று அகப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு அஞ்சி மீண்டும் அருகிலுள்ள தோட்டத்தில் மண்மேட்டுக்கடியில் புதைத்துக் காத்தார்கள். ஃப்ளாரன்ஸின் சாந்தா க்ரோச்சே ஆலயத்தில் தாந்தேவுக்குப் பிரம்மாண்டமான நினைவுச் சின்னம் உண்டு. பல்லாயிரம் பேர் அதன் முன் நின்று படமெடுக்கிறார்கள். உள்ளே ஒன்றுமில்லை. ரவென்னாவில், ஒரு தெருக் கோடியில், 1780களில் எழுந்த சிறிய மண்டபத்தில் அவர் இருக்கிறார். உள்ளே ஒரு விளக்கு எரிகிறது. அதற்கு எண்ணெய் கொடுப்பது ஃப்ளாரன்ஸ். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் அந்நகரத்தார் வந்து எண்ணெய் தந்துவிட்டுப் போகிறார்கள்.

2020 செப்டம்பரில் இந்தக் கல்லறையின் முன் நாள்தோறும் மாலையில் ஒரு படலத்தை உரக்க வாசிக்கும் வழக்கத்தைத் தொடங்கினார்கள். போகுமுன் நேரத்தை விசாரித்துக்கொள்வது நல்லது. இத்தாலியன் தெரியாவிட்டாலும், அன்றைக்கு எந்தப் படலம் என்று அறிந்து மொழிபெயர்ப்பில் முன்கூட்டி வாசித்துக்கொண்டு போகலாம். அருகிலுள்ள சான் பிரான்செஸ்கோ ஆலயத்தில்தான் தாந்தேவின் இறுதிச் சடங்கு நடந்தது. அதன் நிலவறை நீரில் மூழ்கிக் கிடக்கிறது. மூழ்கிய தரையில் பழைய மொசைக் தெரிகிறது, அதன்மேல் பொன்மீன்கள் நீந்துகின்றன. அழகிய காட்சிதான், ஆனால் காரணம் அழகானதன்று. இயல்பாகவே தாழ்ந்துவரும் இந்த மண், இருபதாம் நூற்றாண்டில் நிலத்தடி நீரையும் இயற்கை எரிவாயுவையும் உறிஞ்சியதால் விரைந்து தாழ்ந்தது.

இதையும் நாம் சொல்லியாக வேண்டும்: ரவென்னா அருங்காட்சியகமன்று. ஆலைகள் உள்ள துறைமுக நகரம். அந்தோனியோனி 1964இல் தன் முதல் வண்ணப்படமான ‘சிவப்புப் பாலைவன’த்தை இங்குள்ள ஆலைப் புகைக்கும் கழிவு நீருக்கும் நடுவில்தான் எடுத்தார். 2023 மே மாதம் வந்த பெருவெள்ளத்தின்போது நகரைக் காப்பதற்காக ஓர் உழவர் கூட்டுறவு தன் விளைநிலங்களுக்குள் நீரைத் திருப்பிவிட இசைந்தது. நாம் அண்ணாந்து பார்க்கும் அந்த நீல வானம் நனையாமல் இருக்க யாரோ ஒருவரின் பயிர் மூழ்கியிருக்கிறது. இதை அறிந்து பார்ப்பதும் அறியாமல் பார்ப்பதும் ஒன்றல்ல.

ஞாயிறு காலை க்ளாஸ்ஸே. ரிமினி நோக்கிப் போகும் ரயிலில் அடுத்த நிறுத்தம். அகஸ்டஸ் காலத்தில் ரோமானியக் கப்பற்படை நின்ற துறைமுகம் இது. இன்று சுற்றிலும் வயல்கள். அவற்றின் நடுவே 549இல் புனிதப்படுத்தப்பட்ட சாந்த் அப்பொல்லினாரே ஆலயம் தனித்து நிற்கிறது. உள்ளே அரைக்கோளச் சுவர் முழுதும் பச்சைப் புல்வெளி, மரங்கள், வெள்ளாடுகளைப் போலத் தோன்றும் செம்மறிகள், மேலே விண்மீன்களுக்கு நடுவில் ஒரு சிலுவை. அருகில் பைன் மரக்காடு. உத்தரிப்பு காண்டத்தின் உச்சியில் வரும் மண்ணுலகச் சொர்க்கத்தின் காட்டை வருணிக்கத் தாந்தே உவமையாக எடுத்தது இந்தக் காட்டைத்தான்.

டி.எஸ். எலியட் பிரெஞ்சில் எழுதிய சிறு கவிதை ஒன்று, அதன் தலைப்பு தேனிலவு என்று பொருள்படும், அமெரிக்காவிலிருந்து வந்த புதுமணத் தம்பதியைப் பற்றியது. ரவென்னாவில் ஓர் இரவு தங்குகிறார்கள். வெக்கை, மூட்டைப்பூச்சி. மிக அருகில் க்ளாஸ்ஸேயின் ஆலயம் இருக்கிறது. அதைப் பாராமலே அடுத்த ஊருக்கு ரயிலேறுகிறார்கள், பார்க்கவேண்டியவற்றின் பட்டியல் அவர்களை இழுத்துக்கொண்டு போகிறது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் அக்கவிதை வேறு விதத்தில் நிகழ்ந்தது. 2021 ஆகஸ்டில் வெனிஸின் மையக் கால்வாயில் பெருங்கப்பல்கள் நுழையத் தடை வந்தது. சில உல்லாசக் கப்பல்கள் ரவென்னாவின் துறைமுகத்துக்கு மாறின. அவற்றில் வந்தவர்கள் பலர் கரையிறங்கிப் பேருந்தில் ஏறி வெனிஸைப் பார்க்கப் போனார்கள்.

நம் கருத்துக்கு மறுப்புகள் உண்டு. முதலாவது நியாயமானது. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ ஆண்டுக்கணக்கில் பணம் சேர்த்து, ஆயுளில் ஒரு முறை இத்தாலிக்குப் போகிறவரிடம் ரோமைப் பார்க்காதே என்று சொல்ல நமக்கு வாய் வராது. அவருக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. அவர் வார இறுதிக்குப் போகவில்லை. இரண்டு மணி நேர விமானத் தொலைவில் வாழ்ந்துகொண்டு மறுபடியும் மறுபடியும் போகக்கூடியவர்களுக்கே இதைச் சொல்கிறோம். பெரிய நகரங்களை நீண்ட விடுமுறைக்கு வைத்திருங்கள்.

இரண்டாவது மறுப்பு சற்றுக் கடினமானது. சிறிய ஊர்களுக்கு ஆள் அனுப்பினால் அவையும் வெனிஸாகிவிடாவா? ஆகலாம். ஆனால் கேடு வருவது வருகிறவர்களின் எண்ணிக்கையால் மட்டுமல்ல, அவர்கள் வரும் விதத்தாலும்தான். பகலில் வந்து, படமெடுத்து, மாலையில் போய்விடும் கூட்டத்தால் ஊருக்குக் கிடைப்பது குப்பை. இரவு தங்கி, ஊர்க்காரர் உண்ணும் இடத்தில் உண்டு, மறுநாளும் அதே தெருவில் நடப்பவர் சிறிது நேரமாவது அந்த ஊரின் விருந்தினர். ரவென்னாவில் ஓர் இரவாவது தங்குங்கள் என்று நாம் வற்புறுத்துவது இதற்காகத்தான். இரவு உணவுக்குப் பியாதினா கிடைக்கும். நம் சப்பாத்தியைவிடத் தடித்த ரொட்டி, உள்ளே ஸ்குவாக்குவெரோனே என்ற இளகிய பாற்கட்டி. சைவர்களுக்கும் குறையிருக்காது. ஆனால் வாங்குமுன் மாவில் பன்றிக்கொழுப்பு சேர்த்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சேர்ப்பது பழைய வழக்கம். ஆகஸ்ட் வேண்டாம், வெக்கையும் கொசுவும் எலியட் காலத்தைவிடக் குறைந்துவிடவில்லை.

பைரன் 1819 முதல் 1821 வரை இங்கே வாழ்ந்தார், காதலியின் கணவருடைய மாளிகையிலேயே. ஆஸ்கர் வைல்ட் இந்நகரைப் பாடி 1878இல் ஆக்ஸ்ஃபோர்டின் நியூடிகேட் பரிசு பெற்றார். யேட்ஸ் 1907இல் வந்தார். அவர் பின்னாளில் பாடிய பைசாந்தியத்தின் பொற்சுவர்களுக்கு இங்கே ஒரு வேர் உண்டு. இவர்கள் தடங்களையெல்லாம் இரண்டு நாளில் தேடிப் போக வேண்டியதில்லை. எட்டு இடங்களில் ஒன்றிரண்டை விட்டாலும் குற்றமில்லை. தியோடோரிக்கின் கல்லறை, ஒரே கல்லில் குடைந்த அதன் பெருங்கூரையோடு, அடுத்த முறைக்குக் காத்திருக்கும். பயணப் பையில் டிவைன் காமெடியின் ஒரு காண்டம் போதும். வேறு புத்தகம் வேண்டாம். பட்டியல் எழுதிக்கொண்டு போகிறவர்கள் கிளம்புமுன் அதிலிருந்து ஒரு வரியையாவது அடித்துவிடுங்கள். மிச்சமாகும் அந்த ஒரு மணி நேரத்தைச் சான் விட்டாலேயில், தியோடோராவின் எதிரே, உட்கார்ந்து கழியுங்கள்.